உலகப் போட்டிக்குப் போன சிரிப்பு

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அம்மாவின் பல் தெரிகிற மாதிரி ஒரு படமாவது உங்கள் வீட்டில் உண்டா? இருக்காது. நம் அம்மாக்கள் எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கேமராவுக்குக் கொஞ்சம் மேலே எதையோ பார்த்துக்கொண்டு. உதடு ஒட்டியே இருக்கும். "சிரிங்கம்மா" என்று படம் பிடிக்கிறவர் சொல்கிற வழக்கம் அப்போது கிடையாது. சொன்னாலும் பக்கத்தில் அப்பா விறைப்பாக நிற்கும்போது எந்த அம்மா சிரித்திருப்பாள்?

என் அம்மா வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்று இருந்தது. அது கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. எத்தனையோ நாடுகளிலிருந்து வந்த படங்களோடு போட்டியில் நின்றது. என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், "கதை விடாதீங்க பாட்டி" என்கிறார்கள். நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. எனக்கு ஒன்பது வயது. மலாய் நாட்டில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வரிசையாக மரவீடுகள். பின்பக்கம் பொதுக் குழாய், துவைகல், துணி காயப்போடும் கயிறுகள். அதற்கு அப்பால் தண்டவாளம். எஞ்சின் போகும்போதெல்லாம் கரித்தூள் பறந்து வந்து வெள்ளைத் துணிகளில் உட்காரும். தொட்டால் கோடு இழுக்கும். அதனால் எந்த வண்டி எந்நேரம் வரும் என்பது எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். "கிள்ளான் வண்டி போகட்டும், அப்புறம் காயப்போடலாம்" என்று அம்மா ஈரத்துணி வாளியோடு காத்து நிற்பாள்.

அப்பா ரயில்வேயில் கேட்டுக்காரர். தண்டவாளம் ரோட்டைக் கடக்கிற இடத்தில் கேட்டை மூடித் திறப்பதும், கொடி காட்டுவதும் அவர் வேலை. ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. இரண்டையும் சுருட்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். கஞ்சி போட்ட காக்கி உடுப்பு, பளபளக்கும் பூட்ஸ். "நில்லு!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் மாட்டுவண்டி, ரிக்ஷா, மோட்டார் கார் எல்லாம் நிற்கும். வீட்டில் அவருக்கு அவ்வளவாகப் பேச்சில்லை. நாங்களும் அவர் எதிரில் பேசமாட்டோம்.

அந்த வருடம் வீட்டில் யாருமே பேசவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை. முந்தின மழைக்காலத்தில் என் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். திங்கட்கிழமை என்னோடு பள்ளிக்கூடம் வந்தாள். சனிக்கிழமை அவள் இல்லை. காரியம் முடிந்ததும் அப்பா அவளுடைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சிலேட்டு, ரிப்பன், சோழி டப்பா எல்லாம் போயிற்று. அவள் பெயரையும் வீட்டில் சொல்லக்கூடாது என்றார். கண்ணில் படாமல், காதில் விழாமல் இருந்தால் அம்மா தேறிவிடுவாள் என்று நினைத்திருக்கிறார். அந்தக் காலத்து ஆண்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். எனக்கு அப்போது அது புரியவில்லை. நான் செத்தாலும் என் சிலேட்டையும் இப்படித்தான் தூக்கிக் கொடுப்பார் என்று பயந்து, அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அம்மா வேலையெல்லாம் செய்தாள். சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். ஆனால் தலை வாரும்போது அவள் கை என் தலையில் இருக்கும், அவள் இருக்கமாட்டாள். உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு என்னால் விளக்க முடியாது.

இந்த வீட்டுக்குள்தான் என் மாமா ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுகிற மூட்டைகளை எண்ணும் கிளார்க். கல்யாணம் ஆகாதவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ரயிலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கிள்ளானை அடுத்த மேரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற சாமான்களில் அந்தக் கேமராவும் இருந்ததாம். கறுப்புப் பெட்டி. பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். மேலே ஒரு சின்னக் கண்ணாடி. வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து அந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உலகம் அதில் இடம் வலமாக மாறி, சின்னதாய், பளிச்சென்று தெரியும். ஒரு சுருளில் எட்டுப் படம். பின்னால் ஒரு சிவப்பு ஜன்னலில் எண் தெரியும்.

அப்பா அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"பிள்ளை போயி மூணு மாசம் ஆகல. உனக்கு விளையாட்டுச் சாமான் கேக்குதா, மாப்ளே?"

மாமா கேமராவைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பொறுப்பில்லாத ஆள் என்றே ரொம்ப நாள் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒருநாள் தற்செயலாக என்னிடம் சொன்னார். "உன் அக்கா போனப்புறம் அவ படம் ஒண்ணு வேணும்னு தேடினேன் பாப்பா. பள்ளிக்கூடத்துல கேட்டேன், கோயில்ல கேட்டேன். யாருகிட்டயும் இல்ல. ஒண்ணுகூட இல்ல. இனிமே இந்த வீட்டுல யாரும் படம் இல்லாம போகக்கூடாதுன்னுதான் அதை வாங்கினேன்." இதை அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

மாமாவின் முதல் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் சுருளில் மூன்று படங்களில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது. ஒன்றில் எனக்குத் தலையே இல்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை ஒன்றை எடுக்கப் போனபோது, கடைக்காரர் ஏதோ வரி அதிகாரி என்று நினைத்து உள்ளே போய்விட்டார். படத்தில் துணிகள் மட்டும் தொங்குகின்றன. பத்து மலைக் கோயிலில் தைப்பூசக் கூட்டத்தை எடுத்தார். கழுவி வந்தபோது வெறும் வெள்ளைப் புகை. வெளிச்சம் எப்படியோ உள்ளே போய்விட்டது.

படம் கழுவிக் கொடுத்தவர் ஹை ஸ்திரீட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு சீனர். அவர் கடைக்குள் நுழைந்தால் படம் கழுவும் மருந்தின் காடி வாசனை மூக்கில் ஏறும். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு மாமாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு மலாயில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "பெலும்." இன்னும் வரவில்லை என்று அர்த்தம். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு சுருள் வாங்குவார்.

போட்டியைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா. ரயில்வே ஆபீசில் வேலை. எங்கள் வரிசையில் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இஞ்ச பாரும். ஃபிலிம் செய்யிற கம்பெனி ஒண்டு உலகம் முழுக்கப் போட்டி வைக்குது. எந்த நாட்டு ஆக்களும் அனுப்பலாமாம். தொழிலுக்குப் படம் எடுக்கிற ஆக்களுக்கு இடமில்லை. உம்மைப் போல ஆசைக்கு எடுக்கிற ஆக்களுக்குத்தான்."

"என் படமெல்லாம் அங்க நிக்குமா ஐயா?"

"நிக்குமோ இல்லையோ எண்டு அவையல்லோ சொல்ல வேணும்? நீர் அனுப்பும்."

விதிகளை வாசித்தார். எத்தனை படமும் அனுப்பலாம். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் எடுத்தவர் பெயரும் ஒரு தலைப்பும் எழுத வேண்டும். அனுப்பிய படம் திரும்பி வராது. தேறிய படங்களை ஒரு புத்தகமாக அச்சடித்து அனுப்புவார்கள்.

அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு நினைப்பில்லை. கிள்ளான் ஆற்றங்கரையில் சம்பான் படகுகள் நிற்கிற இடத்தில் இரண்டு ஞாயிறு காலையில் போய்க் காத்திருந்து, தண்ணீரில் வெயில் விழுகிற நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். ஸ்டூடியோச் சீனர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். பெலும் என்று சொல்லவில்லை. மாமாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கிள்ளான் வண்டி போய்விட்டது. அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பப்பாளி மரத்தடியில் நிற்க வைத்து, "கண்ணைச் சுருக்காத, மூச்சு விடாத" என்று படுத்திக்கொண்டிருந்தார். சுருளில் கடைசிப் படம், எட்டாம் எண். அப்பாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை. பின்கட்டுப் படியில் பனியனோடு உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ் ஏறியிருந்தது. கொடிகள் இரண்டும் பக்கத்தில் படிமேல் கிடந்தன.

அடுத்த வரிசைப் பால்கார அக்கா ஆடு வளர்த்தாள். அவற்றில் ஒரு வெள்ளாடு கட்டிப்போட்டாலும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அது மெதுவாக வந்தது. சிவப்புக் கொடியை மோந்து பார்த்தது, பிடிக்கவில்லை. பச்சைக் கொடியைக் கவ்வியது. இலை என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏய்! ஏய்! அது கவர்மெண்டு கொடி!"

அப்பா எழுந்தார். ஆடு ஓடியது. குச்சி ஒரு பக்கம் இழுபட, பச்சைத்துணி வாயில் பறக்க, குழாயைச் சுற்றி, துவைகல்லைத் தாண்டி ஓடியது. ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். அப்பா டக் என்றும் தொப் என்றும் சத்தம் கேட்க அதன் பின்னால் ஓடினார். ஆடு வீட்டுச் சந்து வழியாக ரோட்டுக்குப் போகிற மாதிரி திரும்பியது. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறி, கேட்டில் நின்று போடுகிற அதே குரலில் சத்தம் போட்டார்.

"நில்லு!"

அந்த நேரம் பார்த்து எங்கள் சந்தில் காய்கறி விற்கும் சீனர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவர் தினமும் அப்பாவின் கேட்டைக் கடந்து போகிறவர். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். சட்டென்று பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ரயில் வருகிறதா என்று இடமும் வலமும் பார்த்தார். கூடையிலிருந்து கங்கோங் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. ஆடு கொடியைப் பாதி வழியில் துப்பிவிட்டு அந்தக் கீரையைத் தின்ன ஆரம்பித்தது.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமல் மாதிரி இருந்தது. அம்மா அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். ஈரப் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்து, கண் மூடி, தோள் குலுங்கி. போர்வையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படிச் சிரிக்கத் தெரிந்த ஒருத்தி என் அம்மாவுக்குள் இருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

'கிளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மாமா என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பியிருந்தார்.

அடுத்த நிமிடமே அம்மா நிறுத்திவிட்டாள். ஈரப் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம்வரை அடுப்படியைவிட்டு வரவில்லை. அப்பா கிழிந்த கொடியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், நடந்ததை நடந்தபடியே சொன்னாராம். அதன்பிறகு ரொம்ப நாளைக்குக் கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பார்த்தால் "ம்ம்ம்மே" என்று கத்துவார்களாம்.

இரண்டு வாரம் கழித்து மாமா ஒரு பெரிய உறையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா! நான் கேக்காமலே அந்தச் சீனர் இதைப் பெருசு பண்ணிக் குடுத்துட்டாரு. பாகுஸ், பாகுஸ்னு ரெண்டு தடவை சொன்னாரு. அவர் வாயில நல்ல வார்த்தை வந்து நான் பாத்ததே இல்ல. இதைத்தான் போட்டிக்கு அனுப்பணுமாம்!"

மேசைமேல் வைத்தார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். அம்மாவின் சிரிப்பு படத்தின் நடுவில் இருந்தது. போர்வையின் ஈரம்கூடத் தெரிந்தது. தூரத்தில், மங்கலாக, முதுகு காட்டி ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். கயிற்றில் வரிசையாகத் துணிகள். கடைசியில் ஒரு சின்னக் கவுன்.

அது அக்காவுடையது. எல்லாச் சாமானும் போனபோது அம்மா அதை ஒன்றை மட்டும் எப்படியோ தக்கவைத்துக்கொண்டாள். யாரும் போடாத அந்தக் கவுனை ஒவ்வொரு ஞாயிறும் மற்றத் துணிகளோடு துவைத்துக் காயப்போட்டு, மடித்து எடுத்துவைப்பாள். அப்பாவுக்கும் அது தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"கிழிச்சிப் போடு தம்பி."

"அக்கா..."

"அவ கவுனு அங்க தொங்குது. நான் இங்க நின்னுக்கிட்டுப் பல்லைக் காட்டுறேன். ஒரு வருசம்கூட ஆகல. இதையா ஊரு உலகம் பாக்கணும்?"

அம்மா உறைக்குள் கையை விட்டு ஃபிலிமை எடுத்தாள். அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே ஓடினேன். அந்தக் காலத்து ஃபிலிம் எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குப்பென்று ஒரு மஞ்சள் ஜுவாலை எழுந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து படத்தையும் எடுத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"குடு. நான் பாத்துக்கிறேன்."

"வெளிய போகக் கூடாதுங்க."

"சரி. குடு."

வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கிழித்துப் போட்டுவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்பா அவ்வளவு சட்டென்று அம்மாவின் பேச்சுக்கு ஒத்துக்கொண்டதற்கு அவருடைய மானம்தான் காரணம் என்று நான் நினைத்தேன். ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிற படத்தை வெள்ளைக்காரன் பார்த்துவிடுவானே என்று பயப்படுகிறார் என்று. அப்பாவை நான் அவ்வளவு குறைவாக எடை போட்டிருந்தேன்.

மாமா கிள்ளான் ஆற்றுப் படத்தை ஒரு உறையில் போட்டு, ஃபாரம் எழுதி வைத்தார். எழுதும்போது முகத்தில் உயிரில்லை. "நாளைக்கு நான் பெரிய போஸ்டாபீஸ் பக்கம் போற வேலை இருக்கு. குடு, சேத்துடறேன்" என்றார் அப்பா. மாமாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

மாதங்கள் போயின. அக்காவின் வருட திவசம் வந்தது, முடிந்தது. அம்மா ஞாயிறுகளில் கவுனைத் துவைத்தாள். மாமா வந்தார், போனார். கேமராவை அவர் கொண்டுவருவது குறைந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாழ்ப்பாணத்து ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தடித்த உறை. வெளிநாட்டு முத்திரை. போட்டிக்காரர்கள் இங்கிலீஷில் அனுப்புவார்கள் என்று அப்பா ஐயாவின் விலாசத்தையே கொடுத்திருந்தாராம்.

"தம்பி, உமக்குத்தான். திறவும்."

மாமா பிரித்தார். தடித்த காகிதத்தில் ஒரு சான்றிதழ். கூடவே ஒரு புத்தகம். முதல் பரிசு யாரோ பனி நாட்டுக்காரருக்கு. பாராட்டுப் பெற்றவர்களின் வரிசையில் மாமாவின் பெயர் இருந்தது. மாமா துள்ளிக் குதித்தார். "ஆத்துப் படம் நின்னுடுச்சு ஐயா!"

"ஆத்துப் படமில்லை தம்பி. பக்கத்தைப் புரட்டிப் பாரும்."

மாமா புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அப்புறம் அவர் அசையவில்லை. நான் அவர் கைக்கு அடியில் புகுந்து எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் எந்த ஊர்க் கிழவரோ மீன் வலையோடு நின்றார். இந்தப் பக்கத்தில் என் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. ஐயா வாசித்துத் தமிழில் சொன்னார்: "துணி துவைக்கும் நாள்."

"இதை நான் அனுப்பலையே!" என்றார் மாமா.

ஐயா அப்பாவைப் பார்த்தார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. போஸ்டாபீசுக்குப் போகும் வழியில் அப்பா ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறார். மாமாவின் உறையைப் பிரித்து, இந்தப் படத்தின் பின்னாலும் மாமாவின் பெயரையும் ஒரு தலைப்பையும் ஐயாவை எழுதச் சொல்லி, இரண்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். "வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள். குரல் உயரவில்லை.

அப்பா நிமிர்ந்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"இங்க இருந்தா நீ எரிச்சிடுவே. என்னால ஒளிச்சி வைக்கவும் முடியாது, எங்க வச்சாலும் நீ கண்டுபிடிச்சிடுவே. அனுப்புனா திரும்பி வராதுன்னு ஐயா வாசிச்சாரு. திரும்பி வராட்டி போவுது, எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்னு அனுப்பிட்டேன். பரிசுக்கெல்லாம் இல்ல. நீ சிரிச்சத எல்லாரும் பாத்தாங்க. நான் பாக்கல. நான் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்தேன். படத்துலதான் பாத்தேன்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மாமாவிடமிருந்து புத்தகத்தை வாங்கினாள். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைக் கொண்டுபோய்க் கயிற்றின் கோடியில் வைத்தாள்.

"கவுனு நல்லாத் தெரியுது" என்றாள். "காத்துல கொஞ்சம் விரிஞ்சிருக்கு. ஆள் உள்ள இருக்கிற மாதிரி." அப்புறம் அக்காவின் பெயரைச் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். என்னைத் திரும்பிப் பார்த்து, "வா, உங்க அக்கா கவுனு வெளிநாட்டுப் புத்தகத்துல வந்திருக்கு, பாரு" என்று கூப்பிட்டாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் அக்காவுக்கு இருந்த ஒரே படம் அதுதான். அவள் இல்லாத படம். அந்தப் புத்தகமும் இப்போது இல்லை. ஜப்பான்காரன் வந்தபோது நாங்கள் அவசர அவசரமாகக் கிள்ளானுக்கு மாமாவிடம் போனோம். எடுத்துக்கொண்டு போன பெட்டிகளில் ஒன்று வழியில் காணாமல் போனது. அதில் அந்தப் புத்தகமும், சான்றிதழும், அப்பாவின் கல்யாண வேட்டியும் இருந்தன. சண்டை முடிந்து மாமா அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. உலகத்தில் எங்கேயாவது ஒரு பழைய அலமாரியில் இன்னொரு பிரதி இருக்கும். யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டி, யார் இந்தப் பெண், எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். எனக்கு அது போதும்.

அந்தச் சாயங்காலத்தில் மிச்சமிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐயா போன பிறகு அம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் முதுகைக் காட்டிக்கிட்டு ஓடிட்டேன். அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? சொல்லேன்."

"எல்லாம்தான் நடந்துச்சு."

"சொல்லு."

அம்மா எதிரில் உட்கார்ந்தாள். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். ஆடு வந்தது, மோந்து பார்த்தது. "அப்புறம் நீங்க ஓடினீங்களா... ஒரு கால் டக்குங்குது, ஒரு கால் தொப்புங்குது... 'நில்லு'ன்னு நீங்க போட்ட சத்தத்துல அந்தக் காய்கறிச் சீனர் பாவம், ரயில் வருதான்னு ரெண்டு பக்கமும்..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துவிட்டாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. காப்பியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமா சத்தமில்லாமல் எழுந்து, பையிலிருந்த கேமராவை எடுக்கப் போனார். அப்பா அம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி மாமாவை உட்காரச் சொன்னார்.